நாளை வரை நடக்காதே

– மறைக்கிறீர்கள், ஷபானா டீச்சர். தங்கள் முகமே அதைத் தெரிவிக்கிறது.

– என் முகத்துல தெரியுறது பசி, கபிலன். மணி ஏழாகப் போகுது லா. எல்லாப் பிள்ளையையும் அவங்கவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயாச்சு. உங்க யாமினி ஒருத்திதான் எனக்குத் துணை. பேக்கை எடுங்க, செருப்பை மாட்டுங்க, கிளம்புங்க.

– ஒரே ஒரு வினாவுக்கு விடை கூறினால் கிளம்பிவிடுவேன். இன்று என் மகள் நடந்தாளா, இல்லையா?

– காலையில கஞ்சி குடிச்சா. மத்தியானம் நல்லாத் தூங்குனா. சாயங்காலம் அந்தத் திலீப் பையனோட தொப்பியைப் புடுங்கி வாயில வச்சா.

– நான் கேட்டது அதுவன்று.

– நீங்க கேட்டதை நான் சொல்லக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும். முதல் தடவை எதுவா இருந்தாலும் இங்க வாயைத் திறக்க மாட்டோம். பெத்தவங்க வீட்டுல பார்த்துட்டு மறுநாள் ஓடி வந்து எங்ககிட்ட சொல்லணும். நாங்க அப்படியான்னு வாயைப் பொளக்கணும். நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து இந்தக் குழந்தைக் காப்பகத்துல அதான் வழக்கம்.

– அவள் முதன்முறை குப்புறக் கவிழ்ந்ததை நான் ஓடோடி வந்து அறிவித்தபோது தாங்கள் பெரிதும் வியந்தீர்கள்.

– நல்லா வியந்தேன்ல?

– அந்தத் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. அப்படியானால், அதற்கு முன்பே இங்கே...

– பழசை விடுங்க.

– தவழ்ந்தபோதும் வியந்தீர்கள். கை வேறு தட்டினீர்கள்.

– நான் கை தட்டாத குழந்தை தோ பாயோவுலயே கிடையாது. கபிலன், கேளுங்க. இந்த வாரம் உங்ககிட்ட மறைக்குறதுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்லை. சத்தியமா. அதுதான் எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. உட்காருங்க, நானே கேட்கணும்னு இருந்தேன். வீட்டுல வச்சு இந்தப் புள்ளையை என்ன பண்றீங்க?

– நான் என்ன செய்தேன்? குழந்தை வளர்ப்பு நூலில் உள்ளபடிதான் வளர்த்து வருகிறேன்.

– போன வாரம் வரைக்கும் இந்த அலமாரியைப் பிடிச்சுக்கிட்டே இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்குப் போனா. கையை விட்டுட்டுத் தனியா நின்னா. இதோ கால் எடுத்து வைக்கப் போறான்னு நானும் சமையல்கார அக்காவும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்போம். திங்கட்கிழமையிலேருந்து வேற கதையாப் போச்சு. எந்திரிக்கிறா, நிக்கிறா, யாரோ உத்தரவு போட்ட மாதிரி தொப்புன்னு உட்கார்ந்துடுறா. உட்கார்ந்துட்டுக் கையை நீட்டுறா.

– கையை நீட்டுகிறாளா?

– இப்படி, உள்ளங்கையைக் குழிச்சு. கோயில்ல நீங்கள்லாம் பிரசாதம் வாங்குவீங்களே, அந்த மாதிரி.

– ம்.

– ஏன் தரையைப் பார்க்குறீங்க?

– அந்தக் கையில் ஒரு பிஸ்கட் வைக்கப்படும் என்று அவள் எதிர்பார்க்கிறாள்.

– யாரு வைப்பா?

– நான்.

– கபிலன்.

– ஞாயிற்றுக்கிழமை மாலை, சோபாவைப் பிடித்துக்கொண்டிருந்தவள் திடீரெனக் கையை விட்டு ஒரு காலை உயர்த்தினாள். உடனே அவள் இடுப்பைப் பற்றி மெல்ல அமர்த்தினேன். அழத் தொடங்கினாள். ஆகவே, 'மிக நன்று' எனக் கூறிக் கைதட்டி, ஓர் அரிசி பிஸ்கட்டை அளித்தேன். அன்று முதல் அவள் எழும்போதெல்லாம் அவ்வாறே செய்து வருகிறேன். இப்பொழுது நான் அமர்த்த வேண்டிய தேவையே இல்லை. என்னைக் கண்டதும் அவளே அமர்ந்துவிடுகிறாள்.

– உலகத்துல எல்லாரும் புள்ளையை நடக்க வைக்க பிஸ்கட் காட்டுவாங்க. உட்கார வைக்கக் காட்டின அப்பா நீங்க ஒருத்தர்தான் லா. ஏன்?

– நிவேதிதாவுக்காக.

– நிவி கொரியாவுலல்ல இருக்காங்க?

– அதனால்தான். கப்பல் எந்திரச் சோதனைக்கெனச் சென்றவள் நாளைக் காலைதான் திரும்புகிறாள். யாமினி கவிழ்ந்தபோது நிவேதிதா குளித்துக்கொண்டிருந்தாள். தவழ்ந்தபோது பூன் லே பக்கம் ஏதோ ஒரு கப்பலின் அடித்தட்டில் இருந்தாள். அங்கே தொலைபேசி எடுக்காது. இரண்டையும் காணொளியில்தான் கண்டாள். விமான நிலையத்தில் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, 'நடக்குறதையாவது எனக்கு விட்டு வைங்க கபி' என்றாள். நான் வாக்களித்துவிட்டேன்.

– என்னன்னு?

– நீ திரும்பி வரும்வரை அவள் நடக்க மாட்டாள் என்று.

– அவ காலுக்கு நீங்க எப்படி வாக்குக் குடுத்தீங்க?

– அந்த நேரத்தில் அது எளிதாகத் தோன்றியது. தவிரவும், நூலின் அடிப்படையில் என்னிடம் இன்னொரு வாதமும் இருந்தது. யாமினி பிறந்த மறுநாளே நடந்தவள். மருத்துவமனையில் செவிலியர் அவளைத் தூக்கி நிறுத்தினார். பாதங்கள் மெத்தையைத் தொட்டதும் ஒன்று மாற்றி ஒன்றாக எடுத்து வைத்தாள். அதற்கு நடை அனிச்சை என்று பெயர். நிவேதிதா தன் கண்ணால் கண்டாள். ஆகவே முதல் நடையை அவள் முன்பே கண்டுவிட்டாள் என்று கொள்ளலாம் அல்லவா?

– கொள்ள முடியாது. அது எல்லாப் புள்ளைக்கும் பொறந்ததும் வரும், ரெண்டு மாசத்துல தானா மறைஞ்சுடும். நாம கண் சிமிட்டுற மாதிரிதான். போகணும்னு நினைச்சுப் போறதுதான் நடை.

– இதையேதான் நிவேதிதாவும் கூறினாள். கூறிவிட்டு, அந்த வாதத்தை இனி எடுக்கவே கூடாது என்றாள்.

– நல்ல பொம்பளை. எனக்கு ஒரு சந்தேகம். நீங்க சிராங்கூன் ரோட்டுலயே பொறந்து வளர்ந்தவர்தானே? அப்புறம் ஏன் செய்தி வாசிக்கிற மாதிரியே பேசுறீங்க? எங்க அத்தா பள்ளிவாசல்ல மைக்கைப் பிடிச்சாத்தான் இப்படிப் பேசுவாரு.

– நான் பள்ளியில் மலாய் பயின்றவன். முப்பது வயதைக் கடந்த பின்னரே மாலை வகுப்பில் சேர்ந்து, எழுத்துக்கூட்டித் தமிழ் கற்றேன். கற்றதைப் பிழையின்றிப் பேச வேண்டும் என்பது என் உறுதி. என் மகள் என்னிடம் நல்ல தமிழைக் கேட்டு வளர வேண்டும்.

– அவ கேட்கிறா. நல்ல தமிழ்ல உட்காருன்னா உட்கார்றா. இப்ப அதை மாத்தணும்.

– நாளை மாற்றுவோம். நாளைக் காலை நிவேதிதா வந்து, குளித்து, சோபாவில் அமர்ந்த பிறகு. கொழுக்கட்டைக்கு மாவுகூட வாங்கி வைத்திருக்கிறேன். நடந்த அன்று அவித்துத் தர வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். இன்று ஓர் இரவு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

– நாளைக்கு நிவி கையை நீட்டி வாடா கண்ணுன்னு கூப்பிடுவாங்க. உங்க பொண்ணு எந்திரிப்பா, உங்க மூஞ்சியைப் பார்ப்பா, தொப்புன்னு உட்கார்ந்து உங்ககிட்டக் கையை நீட்டுவா. அப்ப என்ன சொல்லுவீங்க?

– அந்தக் கோணத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

– எண்ணிப் பாருங்க.

– ஐயோ.

– ம். இப்பத்தான் வாயில தமிழ் வருது. போன் அடிக்குது பாருங்க.

– நிவேதிதாதான். காணொளி அழைப்பு. எடுக்காமல் விட்டுவிடலாமா? என் முகத்தைக் கண்டாலே கண்டுபிடித்துவிடுவாள்.

– பொண்டாட்டி போனை எடுக்காம விடலாமான்னு என்கிட்ட கேட்கிறீங்களா? குடுங்க இங்க. ஹலோ நிவி, நான் ஷபானா.

– டீச்சர், அவங்க இன்னும் சென்டர்லதான் இருக்காங்களா? கிளம்பலையே?

– இங்கதான் இருக்காங்க. உங்க வீட்டுக்காரர் என்னைக் கிளம்ப விட மாட்டேங்குறாரு. என்ன நிவி, மூச்சு வாங்குது?

– கொஞ்சம் வேகமா நடந்து வந்தேன் டீச்சர். கபி, என்ன மூஞ்சி இது? காய்ச்சலா?

– நலமே. முழு நலம். நீ பயணத்துக்கு ஆயத்தமாகிவிட்டாயா?

– என்னமோ தப்பு பண்ணியிருக்கீங்க. இந்த மூஞ்சியை எனக்குத் தெரியாதா? யாமிக்குட்டி எங்க? யாமிக்குட்டி, அம்மா பாரு.

– நிவி, அவ திரும்பிட்டா. உங்க குரலைக் கேட்டுட்டா. இருங்க, நான் கீழ உட்கார்ந்து போனை அவளுக்கு நேரா பிடிக்கிறேன்.

– டீச்சர், அருள்கூர்ந்து வேண்டாம். அலமாரியைப் பிடித்துவிட்டாள். எழப் போகிறாள்.

– எழட்டுமே.

– நாளை வரையிலாவது...

– கபிலன், கையை முதுகுக்குப் பின்னால கட்டுங்க. கட்டிட்டு அந்தப் பக்கம் திரும்புங்க. அவ கண்ணுல உங்க மூஞ்சி படக் கூடாது.

– டீச்சர், அங்க என்ன நடக்குது? ஏன் அவரைத் திருப்பி நிக்க வைக்குறீங்க?

– பிஸ்கட் கதை, அப்புறம் சொல்றேன். நிவி, இப்பப் பேசாதீங்க. முகத்தை மட்டும் காட்டுங்க. திடீர்னு ஒரு சத்தம் கேட்டாலும் தொப்புன்னு உட்கார்ந்துடுவா, கை தட்டித் தட்டி அப்படிப் பழக்கி வச்சிருக்காரு.

– சத்தமே கேட்கக் கூடாதா?

– மூச்.

– டீச்சர், எழுந்துவிட்டாளா?

– எந்திரிச்சுட்டா. திரும்பாதீங்க. கையை விட்டுட்டா. உங்களைத் தேடுறா.

– பிஸ்கட்டுக்கா?

– பழக்கம் போகுமா? கையை நீட்டுறா. முழங்கால் மடங்குது. யாமினி, இங்க பாரு தங்கம், இங்க யாரு பாரு.

– உட்கார்ந்துவிட்டாளா?

– இல்லை. போனைப் பார்த்துட்டா. அம்மா சிரிக்கிறாங்க பாரு. முழங்கால் நேராகுது. கபிலன், மெதுவா, ரொம்ப மெதுவாத் திரும்புங்க. இதை நீங்களும் விட்டுடக் கூடாது.

– வலக்கால்.

– ஷ்.

– வலக்காலை எடுத்தாள். வைத்தாள். ஆடுகிறாள். விழப் போகிறாள்.

– விழுந்தா என்ன? பாருங்க, ரெண்டு கையும் தானா முன்னாடி போய் ஊனிடுச்சு. இது இந்த வயசுல வர்ற அனிச்சை, நடை அனிச்சை மாதிரி மறையாது. விடுங்க, தொடாதீங்க. தானா எந்திரிப்பா.

– எந்திரிச்சுட்டா. டீச்சர், அவ எந்திரிச்சுட்டா. வர்றா. நிவி, பாரு நிவி, நடக்குறா. நம்ம புள்ள நடக்குறா, ஒண்ணு, ரெண்டு, இன்னொண்ணு...

– புடிச்சுட்டா. வந்து போனைப் புடிச்சுட்டா. என் கண்ணே, என் ராசாத்தி. இனிமே சத்தம் போடலாம், எல்லாரும் சத்தம் போடுங்க.

– டீச்சர், எனக்கு ஒண்ணும் தெரியலை. இருட்டா இருக்கு.

– உங்களை வாயில போட்டுட்டா நிவி. இருங்க, துடைக்கிறேன். கபிலன், நீங்க ஏன் அழறீங்க? சந்தோஷத்துலதானே?

– சந்தோஷம்தான். ஆனா போன்ல போச்சே, டீச்சர். மறுபடியும் போன்லயே போச்சே. நிவி, மன்னிச்சுடு. ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி தள்ளியிருந்தா நீ நேர்ல பார்த்திருப்ப. நான் எவ்வளவோ பண்ணிப் பார்த்தேன்.

– கபி, அழாதீங்க. டீச்சர், வாசக் கதவைத் திறங்க. உங்களையெல்லாம் அசத்தலாம்னு ஒரு நாள் முன்னாடியே கிளம்பி வந்து, பெல்லுல கையை வச்சப்பத்தான் அவ எந்திரிச்சா. சத்தம் கேட்டா உட்கார்ந்துடுவாளேன்னு, அமுக்காம இங்கயே நின்னுட்டேன்.