முப்பத்தொன்றாம் தேதி அட்டை

மாலை ஆறேகால். பழைய கிடங்கின் நீளச் சுவருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு பாதை. விளக்குக் கம்பம் மொத்தம் மூன்று, எரிவது ஒன்று. அந்தப் பாதையில் ஒரு ஆள் தனியாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டு போகிறார். கோடியில் இருக்கிற கோயிலின் சாவி அவர் சட்டைப் பையில் இருக்கிறது. உலகத்திலேயே அந்தக் கதவுக்கு அந்த ஒரு சாவிதான். அப்போது... கோயில் மணி அடிக்கிறது.

இருங்கள், இருங்கள். அதற்குள் மெழுகுவத்தியை ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்காதீர்கள். பேய் இன்னும் வரவேயில்லை.

நான் பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருந்தேன். நம் பாடகர் குழுச் செயலாளர்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். விடிய விடிய ஜெபம் என்று ஐந்து பேர் இந்த அறைக்குள் அடைந்து கிடக்கிறோம், கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. பன்னிரண்டு அடித்தால் முப்பத்தொன்றாம் தேதி, மாதக் கடைசி என்பதால் ஜெபப் பட்டியல் முழுவதையும் வாசிக்கவேண்டும். அதற்கு இவர் என்ன சொன்னார்?

"இந்த இருட்டுல ஒவ்வொரு சேகரமா, ஒவ்வொரு ஆயரா யாருங்க வாசிக்கிறது? எல்லா சபையையும் எல்லா ஆயரையும் ஆசீர்வதியும்னு ஒரே வரியில முடிச்சிட்டாப் போச்சு. ஆண்டவருக்குத் தெரியாதா?"

ஆண்டவருக்குத் தெரியும், ஐயா. மற்றவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. அதுதான் சங்கடம்.

அந்தச் சைக்கிள்காரர் என் தோழியின் அக்கா வீட்டுக்காரர். அவளுக்கு அத்தான், அதனால் எனக்கும் அத்தான்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணாடியை அளவாக அறுத்து, ஓரத்தைத் தேய்த்து, சட்டத்தில் பொருத்தித் தருவார். ஒரு மயிரிழை பிசகினாலும் கழற்றித் திரும்பத் தேய்ப்பார். அவ்வளவு நறுவிசான மனிதர். அந்தக் கோடிக் கோயிலுக்கு அவர்தான் உபதேசியார், சம்பளம் கிடையாது. ஆயர் மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும் வந்து நற்கருணை கொடுத்துவிட்டு அடுத்த கோயிலுக்கு ஓடிவிடுவார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைத் திறந்து, மணி அடித்து, மாலை ஜெபம் வாசிப்பது அத்தான். கேட்க ஈ காக்கை வராது. அவர் குரலை அவரே கேட்டுக்கொள்ளவேண்டியதுதான்.

நம் ஆங்கிலிக்கன் திருமண்டலத்துப் பட்டியல் உங்களுக்கே தெரியும். தேதிக்கு ஒரு சேகரம், அந்தச் சேகரத்துச் சபைகளைப் பார்க்கிற ஆயரின் பெயர், கடைசியில் கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிற ஒரு சபை. அந்த வெளிநாட்டுப் பெயர் பல நாள் அத்தான் வாயில் நுழையாது. "நீரே சரியா உச்சரிச்சுக்கும், ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுவார். ஆனால் ஒன்றையும் விடமாட்டார். அதோடு அவராகவே ஒரு பழக்கம் வைத்திருந்தார். ஜெபம் முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து, நீல மைப் பேனாவால் அன்றைய ஆயருக்கு ஒரு தபால் அட்டை எழுதுவார். ஒரே வரிதான். "இன்று மாலை ஆறு மணிக்கு உங்களைப் பெயர் சொல்லி ஜெபித்தோம்." கீழே தேதி, கையெழுத்து.

ஒன்பது வருடம் இப்படி. அப்புறம் கடையில் வேலை கூடியது. கண்ணாடிக் கடைக்குச் சாயங்காலம்தானே ஆள் வரும்? ஒரு நாள் கோயிலுக்குப் போகமுடியவில்லை. ஏன் மணி அடிக்கவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் போகவில்லை, அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. ஒரு மார்ச் மாதத்தில் அடியோடு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் வருவார்.

ஆனால் அட்டை நிற்கவில்லை பாருங்கள்... அங்கேதான் சனியன் பிடித்தது. ஒன்றாம் தேதி காலையில் உட்கார்ந்து, அந்த மாதத்துக்கான அட்டை அத்தனையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவார். தேதியும் முன்கூட்டியே போட்டுவிடுவார். தினமும் ஒன்றாக எடுத்துக் கடைக்கு எதிரில் இருக்கிற தபால் பெட்டியில் போடுவார். போட்டுவிட்டு வந்து கண்ணாடி தேய்ப்பார்.

குழுவில் ஆல்ட்டோ குரல் பாடுகிற நம் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "எல்லாரும் செய்றதுதானே? உங்களுக்காக ஜெபிக்கிறேன்னு சொல்லிட்டு மறந்துடறோம். பாவம் அந்த மனுஷன்."

நாம் சொல்லிவிட்டு மறக்கிறோம், அக்கா. அவர் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அதை ஒருத்தர் நம்பிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு கடிதம் வந்தது. முப்பத்தொன்றாம் தேதிச் சேகரத்தின் ஆயர் எழுதியிருந்தார். பஸ் கடைசியாக நிற்கிற இடத்திலிருந்தும் இன்னும் உள்ளே போகவேண்டிய சபை. அவர் பெயர் எனக்குத் தெரியும். இந்த வேளையில் சொல்லமாட்டேன். கடிதத்தை நானே படித்தேன், ஒரு வரி மறக்கவில்லை.

"முப்பத்தொன்றாம் தேதி வருடத்தில் ஏழு முறைதான் வருகிறது. மற்றவர்கள் அன்று எங்களை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் ஒருவர்தான் மறக்காதவர். இங்கே சில நாள் மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை கோயிலுக்குள் யாரோ நடக்கிறார்கள். விளக்கை எடுத்துக்கொண்டு போனால் ஆள் இல்லை. முன்பெல்லாம் முப்பத்தொன்றாம் தேதி ஆறு மணிக்கு, யாரோ தூரத்திலிருந்து என் பெயரைச் சொல்வது காதில் விழும். உடனே அந்த நடை நின்றுவிடும். பல நாளைக்கு நன்றாகத் தூங்குவேன். ஒன்றரை வருடமாக எனக்கு அது கேட்பதில்லை. ஆனால் உங்கள் அட்டை தவறாமல் வருகிறது. ஆகவே குறை என் காதில்தான். தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்."

அத்தான் அதை நாலாக மடித்து, மேஜை டிராயரில் கண்ணாடிக் கூடுகளுக்கு அடியில் வைத்தார். வரும் முப்பத்தொன்றுக்குக் கட்டாயம் போவேன் என்று சத்தியம் செய்துகொண்டார்.

ஆகஸ்ட் முப்பத்தொன்று. ஐந்தரை மணிக்குக் கடையைச் சாத்தப் போகிறார், ஒரு லாரி டிரைவர் ஓடி வருகிறார், கையில் இரண்டாக உடைந்த கண்ணாடி. "அண்ணே, இது இல்லாம ராத்திரி வண்டி எடுக்க முடியாதுண்ணே." சரிசெய்து கொடுத்து நிமிர்ந்தபோது ஏழு. இதுவும் ஒரு ஊழியம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அட்டையை முந்தின நாளே பெட்டியில் போட்டாகிவிட்டது.

செப்டம்பரில் உண்மையைச் சொல்லி நாலு முறை கடிதம் எழுதினார். நாலையும் கிழித்தார். முப்பத்தொன்றாம் தேதிக்குக் காத்திருப்பானேன், இடையில் எந்த நாளும் போய் ஜெபித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்தக் கதவைத் தனியாகத் திறக்கவே கூச்சமாக இருந்தது என்றார். தப்புச் செய்தவனுக்கு அந்த இடத்துக்குப் போகக் கால் வருமா?

அக்டோபர் முப்பத்தொன்று. அன்றைக்கு எந்த டிரைவரும் வரவில்லை. கடைப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். அப்புறம்தான் சைக்கிளை எடுத்தார். கிடங்குப் பாதையில் போகும்போது மணி ஆறேகால்.

டங்... டங்... டங்.

நிறுத்தி, மறுபடி மூன்று. அத்தான் அடிக்கிற கணக்கு அது.

கோயில் வாசலுக்கு வந்தபோது மணி நின்றிருந்தது. கதவில் பூட்டு தொங்கியது. திறந்தார். உள்ளே மணிக்கயிறு மட்டும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஊதி அணைத்த திரியின் வாசனை. அதோடு நனைந்த துணி வாசனை. வெளியே மழையில்லை. காலடியில் ஏதோ சரசரத்தது. கதவிடுக்கு வழியாகப் போட்டிருந்த தபால் உறை. குனிந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்...

கடைசி பெஞ்சில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை அங்கி. தலை குனிந்திருந்தது.

"நீங்க ஆரம்பிங்க," என்றது குரல். "ஒரு தடவ கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

ஓடியிருக்கலாம். அத்தான் ஓடவில்லை. இவ்வளவு நாள் ஓடியது போதும் என்று தோன்றியதாம். முன்னால் போய் விளக்கை ஏற்றினார். உறைக்குள் இருந்தது திருமண்டலத்தின் புதுப் பட்டியல். போன ஞாயிற்றுக்குப் பிறகு வந்து அங்கேயே கிடந்திருக்கிறது. விரித்து வைத்து முப்பத்தொன்றாம் தேதிக்கு வந்தார். சேகரத்தின் பெயரைச் சத்தமாக வாசித்தார். அடுத்து ஆயரின் பெயர். அந்தப் பெயர் அவருக்கு மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் ஒன்பது வருடப் பழக்கம் பாருங்கள்... கண் பார்த்ததை வாய் வாசித்துவிட்டது.

"ஆயர் இல்லை."

அப்புறம் பின்னாலிருந்து மெதுவாக...

"அப்படீங்களா."

கோபமே இல்லையாம் அந்தக் குரலில். மருத்துவர் சொன்னதைக் கேட்டுக்கொள்கிற ஆள் மாதிரி.

அத்தான் தலை நிமிர்ந்தார். பெஞ்ச் காலி. பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நித்திரையடைந்தவர்கள் என்ற தலைப்பின் கீழே அந்தப் பெயர் இருந்தது. ஆகஸ்ட் முப்பத்தொன்று. அங்கி மாட்டிக்கொண்டு, தன் கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடியே இறந்து கிடந்தார் என்று பிறகு தெரிந்தது.

பெஞ்சுக்குப் போய்ப் பார்த்தார். தபால் அட்டைகள், ஒரு கட்டு. பன்னிரண்டு. அந்த ஆயருக்கு இவர் ஜெபிக்காமல் அனுப்பிய பன்னிரண்டும் இருந்தன. முந்தின நாள் பெட்டியில் போட்டதுகூட. ஜெபித்து அனுப்பியதில் ஒன்றுகூட இல்லை. கையில் எடுத்தால், இப்போதுதான் எழுதியது போல விரலெல்லாம் நீல மை.

அன்றைக்கு என் தோழி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நானும் அங்கே இருந்தேன். "அவர் தன் காதச் சந்தேகப்பட்டாரும்மா. கடைசி வரைக்கும் என்னச் சந்தேகப்படல. அதத்தான் என்னால தாங்க முடியல."

மறுநாளிலிருந்து கடையை ஐந்து மணிக்கே சாத்தினார். மூன்று வருடம் ஆகிறது, காய்ச்சலிலும் ஒரு நாள் தவறவில்லை. அட்டை எழுதுவதை மட்டும் விட்டுவிட்டார்.

அவர் விட்டாரே தவிர, அட்டை விடவில்லை.

அந்த ஜனவரி முதல் வாரம் அத்தான் வீட்டுக்கு ஒன்று வந்தது. டிசம்பர் முப்பத்தொன்று என்று தேதி. அனுப்பியவர் பெயர் இல்லை. "இன்று மாலை ஆறு மணிக்கு உங்களைப் பெயர் சொல்லி ஜெபித்தோம்." நீல மை. எழுத்து அத்தானுடைய எழுத்து. முகவரியும் அத்தானுடையது.

முதலில் வெலவெலத்துப் போனார். அப்புறம், ஆயர் மன்னித்துவிட்டார் போலிருக்கிறது என்று ஆறுதல் வந்தது. ஒவ்வொரு முப்பத்தொன்றும் கழிந்து இரண்டு மூன்று நாளில் அட்டை வந்துவிடும். வந்தால் நன்றாகத் தூங்குவார். "அந்த ஆறு மணிக்கு என் பேர் கேட்குது" என்று என் தோழியிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த மாதத்து அட்டை இருபதாம் தேதியே வந்துவிட்டது.

"சீக்கிரம் வந்தா நல்லதுதானே?" என்கிறார் செயலாளர்.

தேதியைக் கேளுங்கள், ஐயா. முப்பத்தொன்று. இன்னும் விடியாத முப்பத்தொன்று. நாளைச் சாயங்காலத்தில் ஜெபித்துவிட்டதாக, பத்து நாள் முன்னாலேயே.

"அப்படின்னா..." ஆல்ட்டோ அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஆயரும் முன்னாடியே எழுதி வெச்சுட்டு, ஜெபிக்காம..."

நான் ஒன்றும் சொல்லவில்லை, அக்கா. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இருபதாம் தேதியிலிருந்து அத்தான் வீட்டில், ஆறு மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை யாரோ நடக்கிறார்கள். அவர் மனைவிக்குக் கேட்பதில்லை. அவருக்கு மட்டும் கேட்கிறது. பத்து நாளில் ஆள் பாதியாகிவிட்டார்.

"குடுங்க அந்தப் பட்டியல," என்றார் செயலாளர். "நானே வாசிக்கிறேன். ஒவ்வொருத்தரா."

வாசியுங்கள். பன்னிரண்டு அடிக்கப் போகிறது. எல்லாப் பெயருக்கும் கீழே பென்சிலால் ஒரு பெயர் எழுதியிருக்கிறேன், அது அத்தானுடையது. முணுமுணுக்காமல் வாயைத் திறந்து சொல்லுங்கள். தூரத்தில் இருக்கிறவருக்குக் கேட்கவேண்டும்.

யார் அது, கட்டுக்கதை என்று சிரிக்கிறது? இருபதாம் தேதி வந்த அந்த அட்டை என் கைப்பையில்தான் இருக்கிறது, இந்தாருங்கள். மெழுகுவத்திப் பக்கம் கொண்டுவந்து பாருங்கள். ஓரத்தைப் பிடியுங்கள், எழுத்து மேலே விரலை வைக்காதீர்கள்... மை இன்னும் காயவில்லை.