பேர் கூப்பிடுற காலேசு

நம்ம கண்மாயில மீன் துள்ளி ரோட்டுல விழுந்த காலம் அது. நம்புனா நம்பு, நம்பாட்டி எந்திரிச்சுப் போ. அப்ப இதே குருவிமேட்டுல ஒரு காலேசு இருந்துச்சாம். சின்னக் காலேசு. நாலு ரூமு, ஒரு மணி, ஒரு பியூன். அந்தப் பியூன்தான் நம்ம சன்னாசிப் பாட்டையா.

எடத்தக் குடுத்தவரு ஒரு பண்ணையாரு. லேசுப்பட்ட ஆளா? பத்திரத்துல ஒரு கொக்கி போட்டுட்டாராம். "வேல நாள்ல தெனமும் இங்க பேர் கூப்பிடணும். 'உள்ளேன் ஐயா'ன்னு பதில் வரணும். ஒரு நா நின்னாலும் எடம் எம் வாரிசுக்கு"ன்னு.

பாட்டையாவுக்கு எழுத்து தெரியாது. ஆனா முப்பது வருசம் அட்டெண்டன்ஸ் நோட்டத் தூக்கித் திரிஞ்சதுல, வாத்தியாருக கூப்பிடுறது அத்தனையும் மனப்பாடம். தமிழ் வாத்தியாரு மூக்கால இழுப்பாராம், "காளிமுத்தூ...ங்..." கணக்கு வாத்தியாரு வெடி போட்டாப்புல, "காளிமுத்து! ஆளக் காணும்! அடுத்து!" பாட்டையா அப்பிடியே செஞ்சு காட்ட, பிள்ளைக விழுந்து விழுந்து சிரிக்குமாம்.

"சன்னாசி, மணியடி! சன்னாசி, தண்ணி கொண்டா! சன்னாசி! சன்னாசி!" பேரு தேஞ்சு போற அளவுக்குக் கூப்பிடுவாங்களாம். அதான் அவருக்குச் சோறு. வீட்ல கூப்பிட ஆளு? பொஞ்சாதி போயிட்டா. பிள்ளகுட்டி இல்ல.

அப்புறம் டவுன்ல பெரிய காலேசு வந்துச்சு. பஸ்ஸும் வந்துச்சு. பிள்ளைக ஏறிப் போச்சு. அம்பது முப்பதாச்சு, முப்பது மூணாச்சு, மூணும் பரீட்ச எழுதிட்டுப் போயிருச்சு. வாத்தியாருக பொட்டி கட்டிட்டாங்க. பிரின்சிபாலு சாவிய நீட்டி, "நாளைக்குப் பண்ணையாரு பேரன் தாசில்தாரோட வருவான், குடுத்துரு சன்னாசி"ன்னாராம்.

கடைசியாக் கூப்பிட்ட வாயும் பஸ் ஏறிருச்சு.

பாட்டையா மணிக்கு அடியில உக்காந்தாராம். "நாளையிலருந்து நான் யாரு?"ன்னு யோசிச்சாராம். யோசிச்சாரு, யோசிச்சாரு, பொழுது சாயிற மட்டும் யோசிச்சாரு. சடக்குன்னு எந்திரிச்சு வீடு வீடாப் போனாராம்.

யாரத் தேடி? காட்டு வேலைக்கு ஒடம்பு வளையாமக் கெடந்த கெழடு கட்டைகளத் தேடி. "ஒம் பேரு என்ன? காலைல பத்து மணிக்கு பெஞ்சுல வந்து உக்காரு. கூப்பிட்டா 'உள்ளேன் ஐயா'ங்கணும். அம்புட்டுத்தான்." அத்தன பேரையும் மண்டையில ஏத்திக்கிட்டாராம்.

மறுநா பத்து மணி. பேரன் சலவ வேட்டியில வாரான், தாசில்தாரு மூக்குக் கண்ணாடியில வாராரு. உள்ள பாத்தா, பெஞ்சு பூராம் பொக்க வாயி!

பாட்டையா நோட்ட விரிச்சாராம். "வெள்ளக்கண்ணு!"

"உள்ளேன் ஐயா!"

"சீரங்கன்!"

"இந்தா குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல, தெரியலயா?"

"யோவ், உள்ளேன் ஐயான்னு சொல்லுய்யா!"

"சரி, உள்ளேன், உள்ளேன்!"

"சொர்ணக்கிளி!"

சத்தமே இல்ல.

"சொர்ணக்கிளி!"

பேரன் குதிச்சானாம். "பாத்தீங்களா சார், ஆளே இல்லாத பேரு! நோட்ட வேற தலகீழாப் பிடிச்சிருக்கான்!"

அப்ப மூணாம் பெஞ்சுல ஒரு கெழவி தடுமாறி எந்திரிச்சுச்சாம். ஊருக்கு அது முன்னால மாடசாமி பொண்டாட்டி, பின்னால கருப்பன் ஆத்தா. முந்துன நாள் பேரக் கேக்கையில சொல்லிருச்சு. அடுத்தவுக வாயி சத்தமாச் சொல்லிக் கேக்கையில, கூப்பிடுறது தன்னையத்தான்னு ஒறைக்க நேரமாயிருச்சு.

"உள்ளேன்யா... எங்கப்பன் செத்த பெறகு அந்தப் பேரச் சொல்லி யாரும் என்னையக் கூப்பிடலய்யா."

அப்பவும் பேரன் விடல. "இவுக என்ன படிக்கிறாகன்னு கேளுங்க சார்!"

சீரங்கன் பாஞ்சாராம். "இன்னைக்குத்தான சேந்திருக்கோம், அதுக்குள்ள பரீட்சையா?"

தாசில்தாரு பத்திரத்த ரெண்டு தரம் படிச்சாராம். "பேர் கூப்பிடணும்னு இருக்கு, கூப்பிட்டாச்சு. பதில் வரணும்னு இருக்கு, வந்திருச்சு. வயசு போடலையேப்பா ஒங்க தாத்தா"ன்னு ஜீப்புல ஏறிட்டாராம்.

இன்னைக்குத் தப்பிச்சாச்சு. நாளைக்கு? கெழடுக தெனமும் வருமா? அந்தக் கவலையிலயே அசந்து தூங்கிப் பாட்டையா மறுநா பிந்திட்டாராம். சாவியோட ஓடியாந்தா, வாசல்ல ஒரு கூட்டம். முன்னால சொர்ணக்கிளி, இடுப்புல கை.

"மணி பத்தாச்சு! எங்க போய்த் தொலஞ்ச? ஏ சன்னாசி!"

பாட்டையா சாவித் தொவாரத்தத் தேடித் தேடித் தொறந்தாராம். கண்ணு கலங்குனா தொவாரம் எங்க தெரியும்?

அப்புறம் ஆளுக்கு ஒரு பிடி அரிசி சேந்து மத்தியானக் கஞ்சியாச்சு. நர்சம்மா வாரத்துல ஒரு நா வந்துச்சு. பதில் வராத பேருக்கு ரெண்டு பேரு வீட்டுக்கு ஓடிப் போயி எட்டிப் பாத்தாங்க. அப்பிடி எட்டிப் பாத்துப் பொழச்ச உசுரு எத்தனையோன்னு சொல்லுவாங்க.

அன்னைலருந்து, பாட்டையா கண்ண மூடுன பெறகும், இன்னைக்கு வரைக்கும் பத்து மணிக்கு அங்க பேர் கூப்பிடுறாங்க. நோட்டத் தலகீழாத்தான் பிடிக்கணும். படிச்ச பிள்ளைக நேராப் பிடிச்சா ஒரு கெழடும் வாயத் தொறக்காது. கடைசியா ஒரு பேரு கூப்பிடுவாங்க.

"சன்னாசி!"

அந்த ஒரு பேருக்கு மட்டும், ரூமு பூராம் எந்திரிச்சு நின்னு சொல்லும்: "உள்ளேன் ஐயா!"