பனிக்கோபுரப் பிள்ளைகளின் ஆசிரியை அனார்கான் அவர்களுக்கு

தாஷ்-புலாக் பள்ளியின் தளராத தலைமகளே, பூகோளத்தைப் புத்தகத்திலிருந்து பிடுங்கிப் பட்கென் மலைமேல் நட்டவரே, பிள்ளைகள் 'எஜே' என்று அக்காவாய் அழைக்கும் குரலுக்கு எவர் அழைப்பையும்விட முந்தித் திரும்பும் பெருமாட்டியே, முப்பத்தோராண்டுப் பணி முடித்து விடைபெறும் உங்கள்முன் வணங்கி நிற்கிறோம்.

மலையுச்சிப் பனி ஆண்டுக்காண்டு மெலிய, ஆடுகள் குட்டி போடும் வசந்தத்தில் ஓடை வறள, மந்தையை விற்றுவிட்டுக் குடும்பங்கள் ரஷ்யாவுக்குக் கிளம்பிய காலம் அது. வகுப்பில் நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்தன. அப்போது ஏழாம் வகுப்பிலிருந்த பெர்மெத் உங்களிடம் கேட்டாள்: "எஜே, குளிர்காலத்துல ஊத்துத் தண்ணி சும்மாதானே கீழ போகுது. அதைப் பனியாக்கிச் சேத்து வெச்சா என்ன?" நீங்கள் சிரிக்கவில்லை. "நாளைக்குக் கையுறை போட்டுட்டு வா" என்றீர்கள்.

முதல் குளிர்காலத்தில் நேர்ந்த தவறு மேய்ப்பர் ஊரில் மட்டுமே நேரக்கூடியது. ஆடுகளுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் இருக்கட்டும் என்று, குளிர்காலப் பட்டி இருக்கும் வெயில் சரிவிலேயே பிள்ளைகள் குழாய்களில் ஊற்றுநீரைக் கொண்டுவந்து பனிக்கோபுரத்தை எழுப்பினார்கள். மந்தைக்கு இதமான இடம் பனிக்கு எமன் என்று யாருக்கும் தோன்றவில்லை. வசந்தப் புத்தாண்டான நவ்ரோஸ் கொண்டாடுவதற்குள் அது கரைந்து சேறானது. "பனியில பொம்மை செய்யுற வயசு, விடுங்கப்பா" என்று ஊர்த்தலைவர் கொச்கோர்பாய் சொல்ல, தேநீர்க்கடை முழுக்கச் சிரித்தது. இந்த அவையில் அவரும் இருக்கிறார், கோபிக்க மாட்டார்.

அடுத்த குளிரில் அதே பிள்ளைகள் அதே குழாய்களைத் தோளில் சுமந்து, வெயில் எட்டாத மலையிடுக்குக்குப் போனார்கள். முன்னால் நடந்தவர் நீங்கள். குழாய் வழியே மேலெழும்பிச் சிதறிய ஊற்றுநீர் விழுந்த இடத்திலேயே உறைந்து, வளர்ந்து, பள்ளிக்கூரையையும் தாண்டியது. அந்த வசந்தத்தில் ஓடை வறண்ட பிறகும் பனி உருகித் தொட்டிகள் நிரம்பின. தாகத்தால் ஒரு குட்டிகூடச் சாகவில்லை.

ஊர் விருந்து வைத்தது. வெந்த ஆட்டுத்தலை தலைவர் முன் வந்தது. இளையவருக்குக் கொடுக்கும் வழக்கப்படி அவர் அதன் காதை அறுத்துப் பெர்மெத்திடம் நீட்டி, "இந்தா, பெரியவங்க சொல்றதைக் கேட்டு நட" என்றார்.

"அவ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா, பாய்கே" என்றீர்கள் நீங்கள், அவரை அண்ணனாய் அழைத்து. "இந்த வருஷம் காதை நீங்களே சாப்பிடுங்க."

தலைவர் காதைப் பார்த்தார், பெர்மெத்தைப் பார்த்தார், பிறகு வாயில் போட்டு மென்றார். "உப்பு கொஞ்சம் கம்மிதான்" என்றவர், அவள் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா, அடுத்த கோபுரத்தை எங்க வைக்கலாம்?"

மாவட்டம் பின்னால் தந்த பதக்கங்கள் அலமாரியில் இருக்கின்றன. ஆனால் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த உண்மையான மரியாதை அந்த ஒரு வாய்க் கறிதான். அதை வாங்கித் தந்தவர் நீங்கள், எங்கள் வீரமங்கையே.

நீங்கள் ஓய்வு பெறுவது தெரிந்த நாளிலிருந்து பிள்ளைகள் எங்களிடம் ஒன்றையே கேட்கிறார்கள்: "அடுத்த குளிருக்கு எங்ககூட மேல யாரு வருவா?" பெரியவர் துணையில்லாமல் அவர்களை மலைக்கு அனுப்ப முடியாது. அவர்கள் போகாவிட்டால் கோபுரமும் இல்லை, வசந்தத்தில் நீரும் இல்லை. அவர்களுக்கான பதிலை உங்கள் முன்னிலையில் சொல்லவே காத்திருந்தோம்.

நோயறியா உடலும் நொடியறியா உள்ளமும் நிறைந்த சுற்றமும் பெற்று நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். முழங்கால் வலிக்கும்போது அடுப்பருகே அமர்ந்து, மலையிடுக்கில் கோபுரம் உயர்வதைச் சன்னல் வழியே பார்க்க வேண்டும்.

இன்னும் சிறிது நேரத்தில் ஆட்டுத்தலை உங்கள் முன்னே வரும். பக்கத்தில் பெர்மெத் அமர்ந்திருப்பாள். காதை அறுத்து எங்கள் பக்கம் நீட்டுங்கள், எஜே. ஆளுக்கொரு துண்டாய்ப் பங்கிட்டுத் தின்போம். முதல் உறைபனி விழும் காலையில், பிள்ளைகள் எங்கே வைக்கச் சொல்கிறார்களோ அங்கே குழாயைத் தூக்கிக்கொண்டு போவோம்.

கையுறைகளோடு,
தாஷ்-புலாக் பள்ளி ஆசிரியர்களும் பணியாளர்களும்