பியூஸ் கட்டை இல்லாத மறைப்பு

என் பெயர் மைக்கல்ராஜ், தகப்பனார் பெயர் சூசைமுத்து, வயது முப்பத்தாறு. போர்டிக்சன் சாலையிலுள்ள தோட்டத்தில் ஏழாம் லயத்தில் குடியிருக்கிறேன். தோட்டத்து ரப்பர் ஆலையில் ரோலர் மிஷின் ஓட்டுகிறேன். என் மனைவி மரியகொரெட்டி அங்கேயே துப்புரவு வேலை செய்கிறாள். இறந்துபோன ராயப்பன் ஆலையின் மிஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர். இதை யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொல்லவில்லை.

சென்ற வருடம் ஆலையில் ரப்பர் பால் சோதிக்கும் புது அறை கட்டினார்கள். அதன் கிழக்குச் சுவர் முழுக்க அலுமினியப் பட்டைகளால் ஆன வெயில் மறைப்பு. வெயில் ஏறினால் பட்டைகள் தாமாக மூடும், தணிந்தால் திறக்கும். வெயில் ஆகாத சீமாட்டி என்று பெண்கள் அதைக் கேலி செய்வார்கள். உள்ளே மோட்டார் இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். இருபது வருடம் மிஷினோடு கிடந்தவன் வேறென்ன நினைப்பேன்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. மிஷினுக்குள் யார் கை விட்டாலும் முதலில் பியூஸ் கட்டையைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். வேலை முடித்து அவரே திருப்பித் தருவார். என் மிஷினில் இதுவரை ஒரு விரல் போனதில்லை.

16.3.1993 செவ்வாய்க்கிழமை காலை மழை தூறியது. மறைப்பைத் துடைக்கும்படி, ஆலையில் எங்களை வேலை வாங்கும் கிராணி என் மனைவியை அனுப்பினார். நான் ராயப்பனிடம் போய் அதன் பியூஸ் கட்டையைக் கேட்டேன். அதற்கு அவன், “இதுல பியூஸே இல்ல லா. வெயில் வர்றதுக்குள்ள தொடச்சிட்டு வரச் சொல்லு” என்றான். நக்கல் என்று எடுத்துக்கொண்டேன். முந்திய மாதம் அவன் சம்சு சாராயம் குடித்துவிட்டு வேலைக்கு வந்ததை நான் கிராணியிடம் சொன்னதிலிருந்து எங்களுக்குள் ஆகாது. ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்று அவன் அப்போதே கறுவியிருந்தான். அதன் பிறகு நானே அந்த அறையின் மெயின் சுவிட்சை அணைத்தேன். அவன் சொன்னதை மனைவியிடம் சொல்லவில்லை. அணைத்தாயிற்று, பயப்படாமல் துடை என்று மட்டும் சொன்னேன்.

பத்தரை மணிவாக்கில் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. அதன் பிறகு அவள் அலறல் கேட்டு ஓடினேன். அவளுடைய வலது கை விரல்கள் பட்டைகளுக்கு நடுவே மாட்டி, ரத்தம் முழங்கை வரை வழிந்தது. நெம்பிப் பார்த்தேன், இன்னும் இறுகியது. அப்போது சுவிட்ச் பெட்டிப் பக்கமிருந்து ராயப்பன் கையில் தண்ணீர் வாளியுடன் ஓடிவந்தான். பழி தீர்க்கச் சுவிட்சைப் போட்டுவிட்டான் என்று முடிவு கட்டினேன். அந்தப் பக்கம்தான் தண்ணீர்க் குழாயும் இருக்கிறது என்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஆத்திரத்தில் கண் மண் தெரியவில்லை. கீழே கிடந்த குழாய் ஸ்பேனரை எடுத்து அவன் தலையில் அடித்தேன். விழுந்தான், வாளி கவிழ்ந்தது. விழுந்த பிறகும் இரண்டு முறை மண்டையில் அடித்தேன். அவன் பட்டையின் ஓரத்திலிருந்த ஸ்பிரிங்கை நோக்கிக் கையைத் தூக்கினான். அந்தக் கையிலும் அடித்தேன், எலும்பு முறிந்தது.

என் மனைவி, “அவர விடுங்க, தண்ணி ஊத்துறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தாரு” என்று கத்தினாள். அதன் பிறகு நாலு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கிராணி ஓடிப்போய் மெயின் சுவிட்சைப் பார்த்தார். அது நான் அணைத்தபடியே இருந்தது. தண்ணீர் எதற்கு, அதை எங்கே ஊற்றுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இருபது நிமிடம் கழித்து மேகம் மூடியதும் பட்டைகள் தாமாகத் திறந்தன. ஆஸ்பத்திரியில் அவளுடைய மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில், மறைப்பைப் பொருத்திய இன்ஜினியர் அதே மாதிரி ஸ்பிரிங் ஒன்றை இழுத்து நீட்டி, மேசையிலிருந்த சூடான கோப்பியில் போட்டார். வயரும் இல்லை, கரண்டும் இல்லை. என் கண் முன்னால் அது சுருங்கியது. சூடு பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் உலோகம், வெயில் சூட்டில் இது சுருங்கித்தான் பட்டைகளை இழுத்து மூடுகிறது என்றார். ஸ்பிரிங் குளிரும்படி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் அரை நிமிடத்தில் விட்டுவிடும் என்றும், அதை ராயப்பனுக்கு மட்டுமே சொல்லிக்கொடுத்ததாகவும் சொன்னார். இன்று விடியற்காலை ராயப்பன் இறந்துவிட்டதாக எனக்கு அறிவிக்கப்பட்டது.

மேலே கண்டதை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார்கள். ராயப்பன் ஓடிவந்தான் என்று மட்டும் ஓரிடத்தில் எழுதியிருந்தது. கையில் தண்ணீர் வாளியுடன் என்று சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

ஒப்பம்: மைக்கல்ராஜ்
20.3.1993