பஸ் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன சாயங்காலம்

மாலை நாலு பத்துக்கு மயிலாப்பூர் குளத்தருகே எங்கள் பஸ் நின்றது. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் ஓர் ஆளின் சட்டையைப் பிடித்திருந்தாள். பிக்பாக்கெட் என்று நினைத்தேன்.

"மேல கை வெச்சான். பஸ்ஸை போலீஸ் ஸ்டேஷனுக்கு விடுங்கண்ணா."

"இங்கயே எறக்கி வுட்டுர்றேம்மா, போதும்ல?" என்றார் கண்டக்டர்.

"எறங்கினா அடுத்த பஸ்ல ஏறுவான்."

பூக்கூடையோடு இருந்த பூக்காரம்மா சிரித்தார். "கரீட்டுதான நைனா? வுடச் சொல்லு வண்டிய!"

பஸ் எங்கள் எல்லோரோடும் ஸ்டேஷனுக்கே போனது. நான் வாசலில் நின்றேன். என் மகளுக்கும் அந்த வயதுதான். இது துணிச்சலா, வீண் வம்பா என்று எனக்கு விளங்கவில்லை.

ஏட்டு பேனாவை எடுத்துவிட்டுத் தயங்கினார். "எழுதினா உன் பேரு வரும் பாப்பா. நாளைக்கு கல்யாணம் காட்சின்னு வந்தா? ரெண்டு தட்டு தட்டி அனுப்பிடறேன். நீ வீட்டுக்குப் போ."

அவள் முதல்முறையாகத் தலை குனிந்தாள். "அம்மாவுக்கு போன் பண்ணுங்க சார்."

அம்மா மூச்சிரைக்க வந்தாள். ஏட்டு அதையே அவளிடமும் சொன்னார். அவள் மகளையும் அந்த ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மகளின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இவ பேரை இனிஷியலோட எழுதிக்கோங்கோ சார். எங்காத்து விலாசம் நான் சொல்றேன்."