ஜெயசீலியின் ஸ்லைடு

எனக்கு டீ சூடாக இருக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் சார். ஆறிப்போனால் தொண்டையில் இறங்காது. எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

தாம்பரத்தில் இந்த ஆஸ்பத்திரி லேபில் பதினோரு வருடமாக இருக்கிறேன். போன ஜூனில், 1969, டாக்டரம்மா ஜெயசீலியை அனுப்பினார். அஸ்தினாபுரத்துப் பெண், சேலையூரில் டீச்சர். எங்கள் சபைதான். ஆகஸ்டில் கல்யாணம். மாதவிலக்கு சரியாக வருவதில்லை; பிறப்பிலேயே பெண்தானா என்று டாக்டரம்மாவுக்கு ஒரு சந்தேகம். கன்னத்தின் உள்பக்கத்தை மரக்குச்சியால் சுரண்டி, கண்ணாடி ஸ்லைடில் தடவி, சாயமேற்றிப் பார்ப்போம். பெண்ணின் செல் என்றால் உட்கருவின் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி ஒட்டியிருக்கும். நூறு செல் எண்ணினால் முப்பதிலாவது தெரியும். ஆணுக்கு அது கிடையாது.

தடவிய ஈரம் காயுமுன் ஸ்பிரிட்டில் போட வேண்டும். நான் போடாமல் டீக்குப் போனேன். கடையில் பால் திரிந்துவிட்டது. வேறு பால் வரும்வரை நின்றேன். திரும்பினால் ஸ்லைடு காய்ந்து, உட்கருவெல்லாம் உப்பிக் கெட்டுப்போயிருந்தது. அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை திட்டு வாங்கியிருந்தேன். மூன்றாவது என்றால் வேலை போகும். லேபில் நான் மட்டும்தான். என் கன்னத்தையே சுரண்டி, சாயமேற்றி, அவள் பெயரை ஒட்டினேன்.

டாக்டரம்மாவே எண்ணினார். நூறில் ஒன்றுகூட இல்லை. அவர் எண்ணியதில் தவறில்லை.

மாப்பிள்ளையின் மாமா வந்து கேட்டபோது "பெண்ணில்லை" என்று ஒரே வார்த்தைதான் சொன்னேன். ஞாயிறு ஆராதனைக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. கல்யாணம் நின்றது. பாவமாகத்தான் இருந்தது. இரண்டு வருடம் முன்பு அவளை எனக்குக் கேட்டு அம்மா போயிருந்தார். "லேப்காரனுக்கா?" என்று அவள் அப்பா ஞானையா சிரித்தாராம். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் அவளே தனியாக வந்தாள்.

"அண்ணா, இன்னொரு தடவை பாருங்களேன். அப்பா எங்கூடப் பேசறதே இல்லை. ஸ்கூலுக்கும் வர வேண்டாம்னுட்டாங்க."

மறுபடி எடுத்தேன். ஈரம் காயுமுன் ஸ்பிரிட்டில் போட்டேன். அவ்வளவு சுத்தமான ஸ்லைடு நான் போட்டதே இல்லை. நாற்பத்தொரு செல்லில் புள்ளி. அதைச் சொன்னால் முதல் ஸ்லைடு யாருடையது என்று கேட்பார்கள். நான் என்ன செய்ய முடியும், சார்?

"அதேதாம்மா," என்றேன்.

"சரிண்ணா. உங்களுக்குத்தான் வீண் சிரமம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் குரோம்பேட்டைத் தண்டவாளத்தில் நீங்கள் எடுத்தது அவளைத்தான். அந்த இரண்டாவது ஸ்லைடு இதோ, பத்திரமாக வைத்திருக்கிறேன். பயத்தில் செய்தது, வேறொன்றுமில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் திருத்த வேண்டும். அன்று லேபில் நான் மட்டுமில்லை. ஆயா புஷ்பம் எதிரே கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். "இன்னா சார், சொந்தக் கன்னத்தையே சொரண்டிக்கினு கீறீங்க?" என்று சிரித்தாள். நான் கேட்டிருந்தால் தன் கன்னத்தைச் சுரண்ட அவளே வாயைத் திறந்து காட்டியிருப்பாள்.