கத்தரி மாட்டும் ஆணி

அப்பா: முதல்ல அந்த விளக்கை அணை.

மகள்: அணைச்சா கோட்டு சரியாயிடுமா அப்பா? மேடையில இதைவிடப் பெரிய விளக்கு.

அப்பா: கோட்டுக்கு என்ன? துணியில சாயம் சரியில்லே.

மகள்: சாயமா? தடவிப் பாருங்க. வலது பக்கம் வழுக்கிட்டுப் போகுது. இடது பக்கம் பூனையை வாலுலேருந்து தடவற மாதிரி சிலுப்புது. வெல்வெட்டைத் தலைகீழாப் போட்டு வெட்டியிருக்கு. அதான் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சாம்பல்.

அப்பா: எனக்கே வெல்வெட் பாடமா? முப்பது வருஷமா இந்தத் தையல் கடையை...

மகள்: பாடம் நடத்த எங்கே நேரம்? பாடகர் வந்துடுவார். அவர்கிட்ட என்ன சொல்றது?

அப்பா: துணிக்கடைக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லு.

மகள்: அந்த மனுஷன் என்ன பாவம் பண்ணினார்? நான் வெட்டினேன்னு சொல்லிடறேன்.

அப்பா: சொல்லுவே, சொல்லுவே! நம்ம குடும்பத்துல கடைக்கு யார் தலையோ அவங்கதான் வெட்டணும். மத்தவங்க தைக்கலாம், பட்டன் வைக்கலாம். எங்கப்பா இருந்தவரைக்கும் நானே கத்தரியைத் தொட்டதில்லே... ஏய், அதை ஏன் எடுக்கறே?

மகள்: சும்மா... துடைக்கலாம்னு.

அப்பா: ஆணியில மாட்டு.

மகள்: மாட்டிட்டேன், போதுமா? முன்னெல்லாம் முக்காலி போட்டாத்தான் எட்டும். இப்ப நின்னபடியே எட்டுது.

அப்பா: வளந்திருப்பே.

மகள்: இருபது வயசுலயா?

அப்பா: பேச்சை மாத்தாதே... யாரோ வர்றாங்க.

பாடகர்: மாஸ்டர், கோட்டு தயாரா? நாளன்னைக்கு மேடை ஏறணும்... அட, இது என்ன? ஒரே கோட்டுல பாதி பகல், பாதி ராத்திரி!

மகள்: தப்பு எங்களோடது அண்ணே. வெட்டினது நான்...

அப்பா: நிறுத்து.

மகள்: அப்பா, நான் பேசிக்கறேன்...

அப்பா: நிறுத்துன்னேன். அவ வெட்டலே. நான்தான் வெட்டினேன். என் தப்பைச் சுமக்கறதுக்கு நான் பிள்ளை பெத்து வளர்க்கலே.

பாடகர்: நீங்களா மாஸ்டர்? நம்ப முடியலையே! போன தடவை கொடுத்த கோட்டு தோள்ல அப்படி உட்கார்ந்துச்சே. பாட்டை விட்டுட்டு எல்லாரும் தையல்காரர் யாருன்னு கேட்டாங்க.

அப்பா: அது யாருன்னு... அவளையே கேளுங்க.

மகள்: என்னப்பா நீங்க...

அப்பா: கேக்கறாரில்லே? முழுங்காம சொல்லு.

மகள்: ...நீங்க வெட்டினது தோள்கிட்ட கோணிப் போயிருந்துச்சு. நீங்க சாப்பிடப் போன நேரத்துல வேற துணியில நான் வெட்டி வச்சேன். ஒரு வருஷமாவே அப்படித்தான். நேத்து நான் கடைக்கு வரலே... அதான் இது தப்பிச்சு வந்துடுச்சு.

பாடகர்: சரி... இப்ப என் கதி?

அப்பா: மிச்சத் துணி இருக்கு. இடது பக்கத்தைப் புதுசா வெட்டித் தைச்சு, நாளைக்குச் சாயந்தரம் உங்க கையில. வெட்டறது என் மகள். சம்மதமா?

பாடகர்: சம்மதமாவா! முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு கோட்டா சொல்லியிருப்பேன்.

அப்பா: அப்ப நாளைக்கு வாங்க... நீ ஏன் மரம் மாதிரி நிக்கறே? கத்தரியை எடு.

மகள்: இருங்க. உங்களுக்கு இது எப்பலேருந்து தெரியும்?

அப்பா: இருபது வயசுல யாரும்மா வளர்றா? போன வருஷமே அந்த ஆணியை நான்தான் இறக்கி அடிச்சேன்.